மாதாவுக்குப் போன குறோசன்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் அன்புராசாவைத் தெரிந்தவர்கள் அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்பதில்லை. ஒன்று, பழைய வெள்ளிக் காசை எப்படித் துலக்குவது என்பது. மற்றது, ஜேர்மனியில் முன்னொரு காலத்தில் எத்தனை அரசுகள் இருந்தன என்பது. முதலாவதைக் கேட்டால் கோபம் வரும். இரண்டாவதைக் கேட்டால் பதில் வரும். பதில்தான் கூடுதல் ஆபத்து.

ஆனாலும் விருந்துக்கு வந்த யாராவது ஒரு புது மனிதர் வாயைக் கொடுத்துவிடுவார்.

"நானூறு அஞ்ஞூறு வருஷத்துக்கு முந்தி ஜேர்மனி எண்டு ஒரு நாடே இல்லைத் தம்பி," என்று அன்புராசா தொடங்குவார். "பிரபுவுக்கு ஒரு அரசு, ஆயருக்கு ஒரு அரசு, பட்டினத்துக்கு ஒரு அரசு. கன்னியர் மடத்துத் தலைவிக்குக் கூட ஒண்டு. எல்லாரும் தங்கட தங்கட பேரில வெள்ளிக் காசு அடிச்சவை. விளங்கேல்லையோ? ரொறன்ரோவில எங்கட ஊர்ச் சங்கங்கள் மாதிரித்தான். ஊருக்கு ஒண்டு. பிறகு அது உடைஞ்சு ரெண்டு. ரெண்டுக்கும் தலைவர், ரெண்டுக்கும் கொடி, ரெண்டுக்கும் ஆண்டு மலர். அவங்கள் மலருக்குப் பதிலாக் காசு அடிச்சாங்கள்."

அவருடைய மனைவி செலீன் இந்தப் பதிலைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டு வருகிறாள். அதாவது, பதில் நடக்கும்போது அவளும் அந்த அறையில் இருப்பாள், வடைத் தட்டோடு. உண்மையில் காது கொடுத்துக் கேட்டாளா என்பது பற்றி அன்புராசாவுக்கு ஒரு முடிவான அபிப்பிராயம் இருந்தது. கேட்கவில்லை என்பதே அந்த அபிப்பிராயம்.

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இந்தக் காசுகள்தான் உலகம். பெரிய காசுகளில் நாட்டமில்லை. பெரிய காசை அரசன் பெட்டியில் பூட்டி வைத்தான், சின்னக் காசைத்தான் சனம் மடியில் முடிந்து வைத்தது என்பார். குறோசன், குறொய்சர், பெனிக் என்று நகத்தளவும் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதுமாக மெல்லிய வெள்ளித் துண்டுகள். ஒன்றில் கரடி நிற்கும். ஒன்றில் காட்டுமனிதன் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்பான். ஒவ்வொன்றும் ஒரு சிறு அட்டைச் சட்டத்துக்குள், கண்ணாடித்தாள் மூடி, இழுப்பறைத் தட்டில் தன் குழியில் படுத்திருக்கும். எல்லாவற்றையும் பார்ப்பதற்கு ஒரு மடக்குப் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அதை ஒற்றைக் கண்ணில் வைத்து மற்றக் கண்ணை மூடினால், பிறகு வீட்டில் தீப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது.

இவற்றுள் அவருக்கு உயிரானது ஒன்று இருந்தது. கொஸ்லார் என்ற பட்டினம் அடித்த மரியன் குறோசன். ஒரு பக்கம் கழுகு. மறு பக்கம் மாதா, கையில் குழந்தை, சுற்றிவரக் கதிர்கள். இளந்தாரியாக ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் அதை வாங்கினார். மாதா இருந்தபடியால் கோயில் மெடல் என்று நினைத்துத்தான் வாங்கினார். அகதி விசாரணைக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார். பிறகொரு நாள் ஒரு பழஞ்சாமான் வியாபாரி அது மெடல் இல்லை, சில்லறைக் காசு என்று சொல்லிவிட்டான். அத்தனை நாளும் கும்பிட்டது சில்லறையை என்று அறிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் விசாரணையில் அவமானப்படாமல் கனடா வந்து சேர்ந்தது அந்தச் சில்லறையோடுதான். அதை வைத்துத்தான் மற்றக் காசுகள் எல்லாம் வந்தன.

அந்தக் காசு கறுத்துப்போய் இருந்தது. வெள்ளி கறுப்பது சேகரிப்பவர்களுக்கு அழுக்கு இல்லை, அது காசின் வயது. துலக்கினால் காசு செத்துப்போகும் என்பது அவர்களின் முதல் கட்டளை. எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது கல்லில் நார் உரிப்பது. வெள்ளி என்றால் துலக்கவேண்டும். குத்துவிளக்கானாலும் சரி, குருசானாலும் சரி, புளியைப் போடு, பேஸ்டைப் போடு, தேய். அன்புராசா இதன் காரணமாகவே இழுப்பறையைப் பூட்டி வைத்திருந்தார். திறப்பை அதன் மேலேயே வைத்திருந்தார்.

இந்த வருடம் பங்குனி மாதத்தில் அவருடைய நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் விழுந்தது. என்னவென்று தெரியவில்லை, இன்னும் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் ஒஷாவாவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்புராசா யாருக்கும் சொல்லவில்லை. மகள் தூரத்தில் இருக்கிறாள், அவளை ஏன் குழப்பவேண்டும். செலீனோ தாங்கமாட்டாள். இந்த முடிவை அவர் செலீனிடம் கேட்டு எடுக்கவில்லை.

நல்ல காலம், ஒஷாவாவுக்குப் போக அவரிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. அங்கேதான் நாணயச் சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு மாலை, நூலகத்தின் நிலவறையில், வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலரோடு இவரும் கூடி ஒருவர் காசை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஆகவே ஆஸ்பத்திரி நாள் வரும்போதெல்லாம் காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "கிளப்பில ஒரு அவசரக் கூட்டம்," என்று சொல்லிவிட்டுப் போனார். நானூறு ஐந்நூறு வருடத்துக் காசில் அப்படி என்ன அவசரம் வந்தது என்று செலீன் கேட்கவில்லை. கேட்காததைத் தன் கெட்டித்தனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று அதற்கு ஒரு நினைப்பு.

பயந்தார். நன்றாகவே பயந்தார். ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்கு வந்து, கிளப்பில் நல்ல தேத்தண்ணி தந்தார்கள் என்று சொன்னார். வைகாசியில் வைத்தியர் கூப்பிட்டு, அது எப்போதோ வந்த சளிக்காய்ச்சலின் பழைய தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். அன்புராசா வரும் வழியில் விளைமீன் வாங்கினார்.

"அவசரக் கூட்டமெல்லாம் முடிஞ்சுது," என்றார் செலீனிடம்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவள் மீனைப் பொரித்தாள்.

ஆடி மாதக் கடைசியில் நாணயச் சங்கம் அவருக்கு ஒரு மரியாதை செய்தது. புரட்டாதிக் கண்காட்சியில் ஒரு மேசை உங்களுக்கு என்றார்கள். நெஞ்சில் நிழல் விழுந்த நாளிலிருந்து திறக்க மனம் வராதிருந்த இழுப்பறையை அன்புராசா வீட்டுக்கு வந்த கையோடு திறந்தார். மேசையின் நடுவில் வைப்பதற்குரிய காசின் குழி வெறுமையாக இருந்தது.

தட்டை வெளியே எடுத்தார். கீழே பார்த்தார். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போனார். செலீன் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"லாச்சிக்குள்ள ஒரு மாதா காசு கிடந்தது. நீர் கண்டனீரோ?"

"ஓம். மாதாட்டக் குடுத்திட்டன்."

"எந்த மாதாட்ட?"

"எத்தினை மாதா இருக்கினம்? கோயில் மாதாட்டத்தான். நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது," என்றாள் செலீன். பயத்தங்காய் ஒன்று டக்கென்று முறிந்தது.

நேர்த்தி என்றால் எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் பேச்சில்லை. மன்னாரிலும் சரி, தீவுப் பக்கத்திலும் சரி, ஸ்காபரோவிலும் சரி, நேர்ந்தது நேர்ந்ததுதான். கண் சுகமானால் வெள்ளிக் கண், கால் சுகமானால் வெள்ளிக் கால். பெண்டுகள் எதற்கெல்லாமோ நேருவார்கள், விசாவுக்கும் நேருவார்கள், பேரப்பிள்ளையின் கணித சோதனைக்கும் நேருவார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நேர்ந்த காரியம் தலைகீழாகிவிடும். அன்புராசா வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மனம் மூடவில்லை. அவரிடம் மாதா படம் போட்ட குறோசன் வேறு நாலைந்து இருந்தன. பின்னால் வந்த காசுகள், வெள்ளையாய், வடிவாய், தெளிவாய் இருந்தவை. பட்டினமெல்லாம் லுத்தரன் வேதத்துக்குப் போன பிறகும் காசிலிருந்து மாதாவை இறக்க மனமில்லாமல் அடித்தவை. அவற்றில் ஒன்றை எடுத்திருக்கலாமே. கையை விட்டவள் போயும் போயும் அந்தக் கறுத்ததைத்தானா தூக்கவேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு தூக்கியிருக்கிறாள் என்று நினைத்தார். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரு காசைத் தெரியவில்லையே என்று அவருக்கு நெஞ்சு நொந்தது. அந்த நோவைச் சொல்லவும் வழியில்லை.

ஒரு வழி மட்டும் இருந்தது. ஆவணியில் மாதா திருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. சாப்பாடு முடிய ஏலம். நேர்த்திக்கு வந்த பூசணிக்காய், கேக், முதற் காய்த்த பாவற்காய், வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் கூறி விற்று, வரும் பணத்தைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். ஏலத்தில் எடுத்தவருக்குப் பொருள் சொந்தம். அவர் அதை யாருக்கும் கொடுக்கலாம். ஒரேயொரு கட்டுப்பாடு: நேர்ந்த வீட்டுக்காரர் தங்கள் பொருளுக்குக் கை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால், மாதாவிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசலால் பிடுங்குகிறார்கள் என்று சனம் பேசும். சனம் விட்டாலும் செலீன் விடமாட்டாள்.

ஆகவே அன்புராசா பக்கத்தில் றூஜ் என்ற இடத்தில் இருக்கும் றொனால்டிடம் போனார். றொனால்ட் வீடு விற்பவன். கோயில் ஏலத்தில் எது வந்தாலும் கேட்பான். போன வருடம் தனக்குச் சரிவராத அளவில் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்தவன். அவன் கேட்டால் ஒருவரும் ஏனென்று யோசிக்கமாட்டார்கள்.

"எவ்வளவு மட்டும் போகலாம் அண்ணை?" என்று கேட்டான் றொனால்ட்.

"நான் தலையாட்டும் மட்டும் போ."

"செலீன் அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் நான் ஏன் உன்னட்ட வாறன்?"

றொனால்டுக்கு அது நியாயமாகப் பட்டது.

திருநாளன்று மண்டபத்தில் கோழிப் புரியாணி வாசம் கமழ்ந்துகொண்டிருந்தது. ஏலம் கூறுபவர் கிளிபோட். கிழமை நாட்களில் கார் ஓட்டப் பழக்குபவர். ஆதலால் அவருக்கு மைக் தேவையில்லை. பூசணிக்காயை றொனால்ட் எடுத்தான். கேக்கையும் றொனால்ட் எடுத்தான். அன்புராசாவும் செலீனும் மூன்றாவது மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். செலீன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அடுத்தது," என்றார் கிளிபோட், ஒரு சிவப்பு நகைப்பெட்டியைத் தூக்கிக் காட்டி. "மாதா படம் போட்ட வெள்ளிக் காசு. கனகாலத்துப் பழசு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தின்ர நேர்த்தி."

மண்டபம் முழுவதும் மூன்றாவது மேசையைத் திரும்பிப் பார்த்தது.

றொனால்ட் முதல் ஆளாகக் கை உயர்த்தினான். அதோடு காரியம் முடிந்தது என்று அன்புராசா கதிரையில் சாய்ந்தார். அப்போது பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. பார்த்தால், பாடகர் குழுவில் இருக்கும் கரோலின். பஸ் ஓட்டுபவள், அமைதியான பெண். இத்தனை வருடத்தில் ஒரு பாவற்காயைக்கூடக் கேட்டறியாதவள். இவளுக்கு என்ன வந்தது என்று அன்புராசா திகைத்தார். றொனால்ட் இவரைப் பார்த்தான். இவர் தலையாட்டினார். றொனால்ட் ஏற்றினான். கரோலினும் ஏற்றினாள்.

இவர் ஆட்டினார். அவன் ஏற்றினான். செலீன் கழுத்துச் சங்கிலியைச் சரிப்படுத்தினாள். கரோலின் ஏற்றினாள். பரிமாறி முடித்தவர்கள் கழுவ எடுத்த அகப்பையோடு வந்து வாசலில் நின்றார்கள். கிளிபோட்டுக்கு வேர்த்தது. செலீனின் சங்கிலிக்கு அன்று என்ன கேடு வந்ததோ, அவள் அதைச் சரிப்படுத்திக்கொண்டே இருந்தாள். அன்புராசா கழுத்து நோக ஆட்டினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். மாதாவின் காலடியில் போடும்போது அளவுகோல் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் செலீன் சங்கிலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். கரோலின் அதற்கு மேல் ஏற்றவில்லை. மணி அடித்தது, சனம் கைதட்டியது. என்ன தொகைக்குப் போனது என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஜேர்மனியில் ஒரு சின்னப் பிரபு அந்தக் காலத்தில் அதைக் கொண்டு ஒரு வருடம் மரியாதையாக இருந்திருப்பார் என்பதோடு விட்டுவிடலாம்.

கார்த் தரிப்பிடத்தில், செலீன் கோப்பை கழுவ நின்ற நேரம், றொனால்ட் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்புராசா அவசரமாகத் திறந்தார். உள்ளே மாதா பளபளவென்று இருந்தாள். நேற்றைக்கு அடித்த காசு மாதிரி. கதிர்களின் கூர் மழுங்கியிருந்தது. குழந்தைக்கு முகமே இல்லை.

"கிளிபோட் அண்ணைதான் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சவராம்," என்றான் றொனால்ட், பூசணிக்காயைத் தோளில் தூக்கியபடி. "மாதாவைக் கறுப்பா மேடை ஏத்தக் கூடாது எண்டு. நல்லா வந்திருக்கு, என்னண்ணை?"

"நல்லா வந்திருக்கு," என்றார் அன்புராசா. வேறென்ன சொல்வது. அந்தக் கறுப்பில் ஐந்நூறு வருடம் இருந்தது, அவருடைய பெருவிரல் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டதும் அதில் எங்கோ இருந்தது. எல்லாம் கிளிபோட்டின் கழுவு தொட்டியால் போய்விட்டது. அவர் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தார்.

நெடுஞ்சாலை 401 வழக்கம்போல நகராமல் நின்றது. முன்னால் ஒரு பெரிய ட்ரக், பின்னால் ஒரு பெரிய ட்ரக், நடுவில் இவர்கள். செலீன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னப்பா?"

"உவன் றொனால்ட் விடுறான் இல்லையே," என்றாள் செலீன். "அவனுக்கு உது என்னத்துக்கு? நான் கரோலினட்டச் சொல்லி வச்சனான், எப்பிடியும் எடுத்துத் தாரும் எண்டு. குடுத்தது குடுத்ததுதான், ஆனா வேற ஆள் எடுத்துத் தந்தால் நேர்த்திக்குக் குறையில்லை எண்டு ஃபாதரிட்டயும் கேட்டனான். கடைசியில பயந்து போனன், வீட்டையும் விக்கவேண்டி வந்திடும் எண்டு."

முன்னால் நின்ற ட்ரக் ஒரு அடி நகர்ந்து நின்றது. அன்புராசாவும் ஒரு அடி நகர்ந்து நின்றார்.

"அது கறுத்த காசுதானே," என்றார் மெல்ல. "நீர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தனீர் எண்டு நினைச்சன்."

செலீன் திரும்பி அவரைப் பார்த்தாள். "கொஸ்லார்க் காசு. சட்டைப் பையில வச்சுக் கும்பிட்டுக்கொண்டு விசாரணைக்குப் போன காசு. வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லேக்க நான் செவிடாவோ இருந்தனான்? உங்கட உயிருக்கு நேரேக்க உங்களுக்கு உயிரான சாமானைத்தானே நேரவேணும். மிச்சத்தைக் குடுத்தால் மாதாவுக்குத் தெரியாதோ?"

"என்ர உயிருக்கோ?"

"ஒஷாவாவுக்குப் போனனீங்கள்."

"கிளப்புக்குத்தானே போனனான்."

"கிளப்பு பின்னேரத்தில. நீங்கள் போனது காலமை. காலமையில ஒஷாவாவில உங்களுக்கு ஆஸ்பத்திரியை விட்டால் வேற என்ன இருக்கு?" செலீன் கண்ணைத் துடைத்தாள். "போன நாளெல்லாம் பூதக்கண்ணாடி மேசையிலதான் கிடந்தது. அது இல்லாமல் நீங்கள் காசு பாக்கப் போவீங்களோ? ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டு இருந்தனான், நீங்கள் வருமட்டும். பிறகு மீனோட வந்தீங்கள். அப்பத்தான் மூச்சு வந்தது. அடுத்த நாளே கொண்டுபோய்க் குடுத்திட்டன்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று தான் நிம்மதியாக இருந்த நாட்களை அன்புராசா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். தான் கார்த் தரிப்பிடத்தில் தனியாக அழுத அந்த நாளில் இவள் குசினியில் தனியாக இருந்திருக்கிறாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு அரசு. வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

செலீன் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகும் பெட்டியைப் பார்த்தாள்.

"றொனால்டை விட்டது நீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஏத்தினது நாங்கள் ரெண்டு பேருமோ?"

"ஓம்."

இருவரும் முன்னால் நின்ற ட்ரக்கின் இலக்கத் தகட்டைப் பார்த்தார்கள். செலீனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்தால் தோள்தான் முதலில் குலுங்கும். அன்புராசாவும் சிரித்தார். பக்கத்து வரிசைக் காரில் இருந்த ஒருவர், இந்த நெரிசலிலும் சிரிக்கிறார்களே என்று எட்டிப் பார்த்தார்.

"கிளிபோட்டட்டக் குடுக்கேக்க தேய்க்க வேண்டாம் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்," என்றாள் செலீன், பெட்டியைத் திறக்காமல். "தேய்க்கேல்லைத்தானே? நீங்கள் பாத்தனீங்களோ?"

எந்தக் காசைப் பற்றியும் அன்புராசா இதுவரை யாருக்கும் பொய் சொன்னதில்லை. நாணயச் சங்கத்தில் அவருக்கு இருந்த மதிப்பே அதுதான்.

"பாத்தனான். அப்பிடியேதான் இருக்கு," என்றார்.

செலீன் கைப்பையைத் திறந்தாள். கைலேஞ்சி, செபமாலை, மூட்டுவலித் தைலம் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்த மடக்குப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். கரோலின் எடுத்துத் தந்தவுடன் பார்ப்பதற்கென்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். பெட்டியிலிருந்த காசை இரு விரலால் விளிம்பில் பிடித்தாள், முகத்தில் விரல் படாமல். கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் வைத்தாள். மற்றக் கண்ணை மூடினாள். முன்னால் ட்ரக் நகர்ந்தது, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், அவள் அசையவில்லை.

"தேய்ச்சுப் போட்டாங்கள்," என்றாள். "குழந்தைக்கு முகம் இல்லை."

கண்ணாடியை மடக்கி அவருடைய சட்டைப் பைக்குள் போட்டாள்.

"இனி எங்க போறதெண்டாலும் உண்மையைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் தாங்குவன்."